மாற்றி அடித்த ஒரு வரி

பென்சிலால் எழுதிய அந்தத் தாள் இப்போதும் லண்டன் மோர்டனில் என் வீட்டுப் பத்திரங்களோடு இருக்கிறது. மழையில் நனைந்து உலர்ந்ததால் அப்பளம்போல் நெளிந்துவிட்டது. ஒரு கால்பந்து ஆட்டக்காரனைப் பற்றிய பதினொரு வரிகள். கடைசி வரியின் கீழ் இரண்டு கோடுகள். அந்த வரியைத்தான் நான் மாற்றினேன்.

எண்பதுகளின் கடைசியில் தென் லண்டனில் ஒரு சிறிய தொழில்முறைக் கால்பந்துக் கிளப்பில் தட்டெழுத்தாளராக இருந்தேன். விளையாட்டைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எழுத்துப் பிழை விடமாட்டேன், அதனால் வேலை கிடைத்தது. கிளப்புக்கு இளம் ஆட்டக்காரர்களைத் தேடித் தந்தவர்களில் ஒருவர் மலேசியத் தமிழர். ஸ்ட்ரெதமில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். சனிக்கிழமைகளில் மைதானம் மைதானமாக அலைந்து பார்த்ததைப் பென்சிலால் எழுதிக்கொண்டு வருவார். மழையில் பேனா எழுதாதாம். ஆசிரியர் என்பதால் அவரை நான் எங்கள் ஊர் வழக்கப்படி சேர் என்றுதான் கூப்பிடுவேன். மற்றவர்கள் உயரத்தையும் வேகத்தையும் எழுத, சேர் மட்டும் எந்தப் பயிற்சியாளரிடம் பழகினால் அவன் தேறுவான் என்றும் எழுதுவார். "நல்லா ஆடுவானான்னு கேக்காதீங்கம்மா. யாருகிட்ட நல்லா ஆடுவான்னு கேளுங்க" என்பார். நான் அடித்துக் கொடுத்ததை ஒருநாளும் படித்ததில்லை. "நீங்க அடிச்சா நான் எதுக்குப் படிக்கணும்?" என்று அப்படியே கையெழுத்துப் போடுவார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

ஒரு வசந்த காலத்தில், அடுத்த பருவத்துக்கு ஆள் எடுக்கும் நேரம், அந்த இடக்கால் ஆட்டக்காரனின் தாள் வந்தது. வயது பத்தொன்பது. பத்து வரியும் புகழ்ச்சி. பதினோராவது: "இப்போதைய பயிற்சியாளர் இருக்கும்வரை இவனை எடுக்கவேண்டாம். சத்தம் போட்டால் இவன் கால் நின்றுவிடும்."

அந்தப் பயிற்சியாளரின் சத்தம் மூடிய ஜன்னலையும் தாண்டி என் மேசைக்கு வரும். அறிக்கை முதலில் போவதும் அவர் கைக்குத்தான். இந்த வரியை அவர் படித்தால் சேருக்கு இனி இங்கே இடமிருக்காது என்று பதறிப்போனேன். யாழ்ப்பாணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எட்டு வருடம் நற்சான்றிதழ் அடித்த கை என்னுடையது. வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேலைக்கு வந்தவரையும் கடமையுணர்வு மிக்கவர் என்றே வழியனுப்புவோம். ஒருவரைப் பற்றிக் குறை எழுதுவது எங்களுக்கு மரியாதைக் கேடு. கை தானாகவே ஓடியது: "கண்டிப்பான பயிற்சியில் இவர் மேலும் பிரகாசிப்பார்." ஆங்கிலத்தில் இன்னும் அழகாக இருந்தது. சேர், பையன், பயிற்சியாளர் மூன்று பேருக்கும் நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சேரிடம் நீட்டினேன். படிக்காமல் கையெழுத்திட்டார்.

அவனை எடுத்தார்கள். பயிற்சியாளர் என் வரியை மருந்துச் சீட்டாகவே எடுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு ஒரு பங்கு சத்தம் என்றால் அவனுக்கு இரண்டு. இலையுதிர் காலத்தில் மூன்று பேரைச் சுற்றிவிட்டு ஓடியவன், பனிக்காலத்தில் பந்து வந்ததும் முதலில் கோட்டோரம் நின்ற பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பந்தைப் பின்னுக்குத் தட்டிவிட்டான். அவன் கால் நின்றுவிட்டது என்று எனக்கே விளங்கிற்று. பருவ முடிவில் அவனை விடுவித்தார்கள்.

கிளப் நிர்வாகிகள் விளக்கம் கேட்கச் சேரை அழைத்தார்கள். குறிப்பெடுக்க நானும் அந்த அறையில் இருந்தேன். பயிற்சியாளர் என் வரியை உரக்க வாசித்து, உங்கள் ஆள் சொன்னதைத்தானே செய்தேன் என்றார். சேர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. தன் கையெழுத்துத்தான் என்றார். இனி அறிக்கை அனுப்பவேண்டாம் என்று சொன்னார்கள். அதையும் நானே குறித்துக்கொண்டேன். வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் அனுமதி அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பென்சில் தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"சேர், நான்தான் மாத்தினனான். இதைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. நானும் வாறன்."

"வேணாம்மா. படிக்காம கையெழுத்துப் போட்டது நான்தானே."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அந்தப் பையனுக்கு வேற கோச் பாக்கணும். கிழக்கு லண்டன்ல ஒருத்தர் இருக்காரு, அதட்டவே மாட்டாரு. ஒரு லெட்டர் அடிங்க. நான் சொல்றதை அப்படியே."

அடித்தேன். சத்தம் போட்டால் கால் நின்றுவிடும் என்பதையும் அடித்தேன். அந்தக் கடிதம் அவனுக்குப் பலித்தது. சின்னக் கிளப்தான், ஆனால் ஏழு பருவம் ஆடினான்.

இப்போது கோயிலில் பழக்கமானவர்கள் பிள்ளைகளுக்கு நற்சான்று எழுதித் தரச்சொல்லி வருகிறார்கள். எழுதிக் கொடுக்கிறேன், ஆனால் அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான். அன்று சேர் என்னை ஏசியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் ஏசவில்லை. நான் நீட்டிய கடிதத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, வரிக்கு வரி விரல் வைத்து இரண்டு தரம் படித்தார். அதன் பிறகுதான் கையெழுத்திட்டார்.