அட்டையை மட்டும் ஸ்கேன் செய்யவில்லை

நான் ஒரு புத்தகத்தைத் திருடியவன். கடையில் அல்ல. காசு கொடுத்துத்தான் வாங்கினேன். திருடியது வீட்டுக்கு வந்த பிறகு.

பதுளையில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியனான நான், மாணவர்களுக்காக ஒரு வெப்சைட் நடத்துவது உங்களில் பலருக்குத் தெரியும். பழைய வினாத்தாள்கள், குறிப்புகள்... எல்லாமே இலவச டவுன்லோட்.

லுணுகலையில் டியூஷன் நடத்தும் தேவிகா டீச்சர், சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு கணிதப் புத்தகம் போட்டிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது இலையின் தண்ணீருக்கென்று எடையில் கழிக்கிறார்களே – அதை வைத்தே சதவீதம் சொல்லிக்கொடுக்கும் புத்தகம். இத்தனை வருஷம் பாடம் நடத்திய எனக்கு அது தோன்றவில்லை. முழுவதையும் ஸ்கேன் செய்து சைட்டில் ஏற்றினேன்.

அட்டையை மட்டும் விட்டுவிட்டேன். மறதியா? இல்லை. அவர் பெயர் அதில் இருந்தது. அதன் உட்பக்கத்தில், அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது.

மனசாட்சிக்குச் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், ஒரு வீட்டில் புத்தகம் வாங்கினால் வரிசை முழுக்கப் படிக்கும். நானும் அப்படிப் படித்தவன்தான். இது கொஞ்சம் பெரிய லயம்... அவ்வளவுதானே? டவுன்லோட் பட்டனுக்கு மேலே மினுங்கிய ஷாம்பு விளம்பரம் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்ததை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

ஒரு நாள் விளம்பர நிறுவனத்திடமிருந்து ஈமெயில். பதிப்புரிமைப் புகார் வந்திருக்கிறது, விளம்பரங்களை நிறுத்திவிட்டோம் என்றது. எனக்குக் கோபம். இலவசமாகக் கொடுப்பதில் என்ன குற்றம்? புகார் கொடுத்தவரின் பெயர் கீழே இருந்தது. கோபம் இறங்கிவிட்டது.

ஃபைலை நீக்கிவிட்டு, மறுநாளே லுணுகலைக்கு பஸ் ஏறினேன்.

"வாங்க சேர், உக்காருங்க" என்றார் தேவிகா டீச்சர். பிளேன்டீ வந்தது. பிறகுதான் சொன்னார். இரண்டாம் பதிப்புக்கு அச்சகத்தில் பேசி வைத்திருந்தாராம். ஆனால் கடைக்காரர்கள் முதல் பதிப்பையே திருப்பி அனுப்பிவிட்டார்கள் – பிள்ளைகள் பிரின்ட் எடுத்துக்கொள்கிறார்கள், யார் வாங்குவது என்று.

"அதக்கூட விடுங்க சேர். புதுசா வந்த புள்ள ஒண்ணு அந்த பிரின்ட்ட எங்கிட்டயே கொண்டாந்து, 'இது பதுளை சேர் எழுதுனது, நீங்களும் இப்படி ஒண்ணு போடுங்களேன் டீச்சர்'னு சொல்லுச்சு."

என் லயத்துக் கதையைச் சொல்லிப் பார்த்தேன்.

"லயத்துல புத்தகம் கைமாறுறப்ப அட்டையும் சேந்துதான் போகும் சேர்."

மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வந்த புத்தகங்களில் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டேன்.

சைட்டின் முதல் பக்கத்தில் நடந்ததை அப்படியே எழுதினேன். ஷாம்பு மினுங்கிய இடத்தில் அவருடைய புத்தகத்தின் அட்டையைப் போட்டேன். எனக்கு உரிமையில்லாத மற்ற ஃபைல்களையும் நீக்கினேன். சைட் பாதியாக மெலிந்தது. பிறகு பையோடு கடை கடையாக ஏறினேன் – பதுளை பஜார் தொடங்கி மொனராகலை வரை.

"நான் திருடி நெட்டில போட்ட புத்தகம் முதலாளி. கொஞ்சம் வாங்கி வைங்க."

பஜார் கடைக்காரர் சிரித்துவிட்டார். "இப்படிச் சொல்லி யாரும் வித்ததில்ல சேர். திருடுற அளவுக்கு நல்ல புத்தகமா? வச்சிட்டுப் போங்க."

முதல் பதிப்பு தீர்ந்தது. இரண்டாம் பதிப்பு வந்து, அதுவும் தீர்ந்தது. இப்போது மூன்றாவது அச்சில். புரூஃப் பார்க்கச் சொல்லி டீச்சர் என்னிடமே அனுப்பினார்.

"என்னை நம்பியா?" என்று போனில் கேட்டேன்.

"ஒவ்வொரு பக்கமா ஸ்கேன் பண்ணவரு நீங்க. ஒங்களவிட யாரு நல்லாப் பாப்பாங்க?"

நேற்று வாசகர் ஒருவர், அந்தப் புத்தகத்தின் பி.டி.எஃப். இலவசமாகக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

அட்டையை மட்டும் அனுப்பினேன்.