காடியின் வாய்

கடந்த ஆயுத பூசை கழிந்து ஒரு வாரத்தில் எங்கள் பழைய காரின் ஸ்டேரிங்குக்கு முன்னுள்ள பலகையில், இயந்திரத்தின் வடிவில் அமைந்த மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. கோல சிலாங்கூர்ப் பட்டறை ஒன்றில் கணினியைப் பொருத்திப் பிழைக்குறியை அழித்து அனுப்பினார்கள். பத்து நாளில் விளக்கு மீண்டும் எரிந்தது, மீண்டும் அழித்தார்கள். மூன்றாம் முறை, புகையைத் தூய்மைப்படுத்தும் உறுப்பையே மாற்ற நேரலாம், பெருஞ்செலவாகும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "காடிய வித்துடலாம்" என்றேன்.

"என்னையும் சேத்து வித்துடுங்க."

அவள் ஐம்பது வயதுக்குமேல் உரிமம் எடுத்தவள். பயிற்சிப் பள்ளியின் காரைவிட்டு இறங்கியபின் அவள் துணிந்து ஓட்டிய ஒரே கார் இது. மகள் தன் புதிய காரின் சாவியை நீட்டியபோது அதை இரு விரலால் வாங்கி, அப்படியே திருப்பித் தந்தாள். பாசிர் பெனம்பாங்கில் மீன் வாங்கவும், ஈஜோக்கிலுள்ள தங்கையைப் பார்க்கவும் என்னை எதிர்பாராமல் போய்வருகிறாள். காரை விற்றால் அந்தப் போக்குவரத்து நின்றுவிடும் என்பதை அறிந்தும் நான் அப்படிச் சொன்னேன். அந்த விளக்கின்மேல் எனக்கு அத்தனை எரிச்சல்.

தங்கை கைகாட்டிய ஈஜோக் பட்டறைக்கு அவளே ஓட்டினாள். நான் உடன் சென்றேன். மெக்கானிக் கணினித் திரையை நெடுநேரம் பார்த்தார்.

"பொக குழாய்ல ஒண்ணும் இல்லண்ணே. பெட்ரோல் ஆவி எங்கயோ கசியுது."

சிறிய கருவி ஒன்றிலிருந்து எரிபொருள் வழிக்குள் வெண்புகையைச் செலுத்தினார். மூவரும் குனிந்து காத்திருந்தோம். பெட்ரோல் ஊற்றும் இடத்தில், மூடியின் ஓரமாக, நூலிழைபோலப் புகை கசிந்தது.

அவர் மூடியைக் கழற்றி, அதன் ரப்பர் வளையத்தை நகத்தால் சுரண்டினார். மஞ்சள் பொருக்குகள் உதிர்ந்தன. முகர்ந்து பார்த்தார்.

"அக்கா, இது சந்தனமா?"

"நாலு டயருக்கும் வச்சேன், ஸ்டேரிங்குக்கும் வச்சேன். சாப்பிடுற வாய்க்கு வைக்காம விடலாமா?"

"சிமெண்டு மாதிரி கொழச்சு அப்பியிருக்கீங்களேக்கா! அப்புறம் மூடி எப்படி லா மூடும்?" எங்கள் பக்கத்துப் பேச்சு 'லா' சேராமல் முடியாது.

அவள் என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்ட எனக்கு வாயில்லை. பூசையன்று சந்தனக் கிண்ணத்தை ஏந்தி அவள் பின்னால் நடந்தவன் நான். மூடியைத் திறந்துகொடுத்ததும் நான்தான்.

மெக்கானிக் வளையத்தைத் துடைத்து, 'டிக்' என்ற ஒலி கேட்கும்வரை மூடியைத் திருகினார். பிழைக்குறியை அழித்துவிட்டு, இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.

இரண்டு வாரமும் அவளே ஓட்டினாள். கடைசி நாளில் தொலைவிலுள்ள அம்பாங் பெச்சா வரைக்கும் போய்த் திரும்பினோம். விளக்கு எரியவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தியவள் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"விக்கிறேன்னு சொன்னத வாபஸ் வாங்குங்க. காடி காதுல விழணும்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதனை ஒருபோதும் விற்கமாட்டேன்" என்றேன்.

"உங்க எழுத்துத் தமிழ் அதுக்குப் புரியாது. சாதாரணமா சொல்லுங்க."

"விக்கமாட்டேன் லா" என்றேன்.

அதன் பிறகே கதவைத் திறந்தாள்.