படகுக்கு வைத்த இரண்டு கைகள்

நம் செம்பாக்கம் பட்டறையில் நான் செய்வதெல்லாம் கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி. எல்லாம் ஓரிடத்தில் நிற்கிற வீட்டுக்கு. பிள்ளைகளே, ஒரே ஒரு தடவை ஓடுகிற படகுக்கு வேலை செய்தேன். அதை உங்களுக்காக எழுதுகிறேன்.

கோவளத்திலிருந்து ஒரு படகுக்காரர் பட்டறைக்கு வந்தார். போனில் ஒரு வீடியோ காட்டினார். அதில் ஒரு படகு, இரண்டு பக்கமும் கை நீட்டியது போல இரண்டு குழாய்களோடு போகிறது. குழாயின் நுனியில் சின்னக் கப்பி. அதன் வழியாக ஒரு மெல்லிய கம்பி, கம்பியின் முனையில் ஈயக்குண்டு. குண்டு இறங்கும்போது தூண்டில் நூலையும் ஆழத்துக்குக் கூட்டிப் போகும். மீன் கடித்ததும், நூலைக் குண்டோடு பிடித்திருக்கும் கிளிப்பிலிருந்து நூல் விடுபட்டுவிடும். டவுன்ரிகர் என்று பெயராம். கம்பி சுற்றும் உருளைகளை அவர் வாங்கிவிட்டார். கைகளை நான் செய்ய வேண்டும்.

“ஞாயித்துக்கெழம ரெண்டு சார் தூண்டில் போட வராங்கண்ணா. புடிச்சிப் போச்சின்னா வாராவாரம் ஆள் அனுப்புவாங்க. இது நிக்கலன்னா போட்ட வித்துட்டு கம்பெனி வேன் ஓட்டப் போவேண்டியதுதான். எம் மச்சான் பேசிகூட வெச்சிகீறான்” என்றார்.

கடற்கரைக்குப் போய் அளவெடுத்தேன். படகின் விளிம்பு சரிவாக இருந்ததால், குழாய் மட்டமாக நிற்க அடித்தகடு எவ்வளவு சாய வேண்டும் என்று ரசமட்டம் வைத்துக் குறித்துக்கொண்டேன். கேட்டுக்குச் செய்கிற மாதிரிதான். கரையேறும்போது மேலே மடக்கிவைக்க, கேட் கீலையே கொஞ்சம் மாற்றிப் போட்டேன்.

சனிக்கிழமை காலையில் போல்ட் முடுக்கி நிறுத்தியபோது இரண்டு கைகளும் அச்சு பிசகாமல் மட்டமாக நின்றன. படகுக்காரரின் மனைவி வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஜன்னல் போடறவர கூட்டியாந்துகீற. போட்டுக்கு கொசுவலை அடிக்கப் போறியா?”

“அடிச்சா இன்னா? மீனும் நிம்மதியா தூங்கட்டுமே” என்றார் படகுக்காரர்.

சோதித்துப் பார்க்க நாங்கள் இருவரும் படகைக் கடலில் தள்ளினோம். அலைகளைத் தாண்டிப் போனதும் நான் குழாய்களைத் திரும்பிப் பார்த்தேன். படகின் இடது கை தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலது கை வானத்தைக் காட்டியது. கரையில் அவ்வளவு ஒழுங்காக நின்றது எப்படிக் கெட்டுப்போனது என்று எனக்குப் புரியவில்லை.

அவர் என்னைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துச் சிரித்தார்.

“அண்ணா, மணல்ல சாஞ்சி படுத்துகினு கெடந்த போட்டுக்கா ரசமட்டம் வெச்ச?”

வீடு சாய்ந்து படுக்காது. எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

திரும்பிவிடலாம் என்றேன். “இப்ப போனா கொசுவலைக் கதைய ஊர் பூரா சொல்லிடுவா. நீ ஸ்பானர எடு” என்றார்.

போல்ட்டைத் தளர்த்தி, தகட்டுக்கு அடியில் மரத்துண்டைச் செருகினேன். ஆனால் எந்த மட்டத்துக்கு நிறுத்துவது? ரசமட்டத்தை வைத்தால் குமிழி அங்குமிங்கும் ஓடுகிறது. அவர் என் தோளைப் பிடித்துக் கிழக்கே திருப்பினார்.

“அதோ, கடலும் வானமும் சேர்ற கோடு. அத வெச்சிப் பாரு.”

பார்த்தேன். அவ்வளவு நீளமான மட்டக்கோலை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு முனை எங்கோ வடக்கே, மறுமுனை எங்கோ தெற்கே. யாரும் தேய்க்காமல், யாரும் பிடிக்காமல் அப்படியே இருந்தது. படகு இப்படிச் சாய்ந்தால் ஒரு கை அந்தக் கோட்டுக்குக் கீழே போனது. அப்படிச் சாய்ந்தால் மறு கை போனது. இரண்டும் ஒரே அளவு ஏறி இறங்கும்வரை மரத்துண்டைத் தட்டித் தட்டி வைத்து முடுக்கினேன்.

அவர் குண்டுகளை இறக்கினார். கொஞ்ச தூரம் வெள்ளையாகத் தெரிந்தன, பிறகு பச்சையாக, பிறகு காணவில்லை. உருளை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை. நாங்கள் மிதந்துகொண்டிருந்ததற்கு அடியில் அத்தனை இடம் இருந்தது.

படகு மெதுவாக நகர்ந்தது. பற்றவைத்த இடம் பிடிக்குமா என்று குழாய்மேல் கை வைத்தேன். உள்ளே ஒரு நடுக்கம். காதை வைத்தேன். கம்பி நீரை அறுக்கும் ஓசை குழாய்க்குள் ஏறி வந்தது, தூரத்தில் பலர் சேர்ந்து ஒரே மூச்சில் முனகுவது போல. நான் எத்தனையோ குழாய் அறுத்திருக்கிறேன். ஒன்றும் எனக்கு இப்படிப் பேசியதில்லை.

திடீரென்று இடது பக்க நூல் விடுபட்டது. தூண்டில்கோல் வளைந்தது. அவர் இழுக்க இழுக்க, இருட்டான தண்ணீரிலிருந்து ஒரு வஞ்சிரம் நீலமும் வெள்ளியுமாக மேலே வந்தது. கை அசையவில்லை. தகடு அசையவில்லை.

மீனைப் படகில் போட்டுவிட்டு, ஈரக் கையோடே அவர் போனை எடுத்தார்.

“மச்சான், அந்த வேனுக்கு வேற ஆளப் பாத்துக்கோ. இல்ல, கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. இங்கயே வேல கீது.”

வலது கையின் குண்டு இன்னும் கீழேதான் இருந்தது. அவர் பேசி முடிக்கும்வரை நான் அந்தக் குழாயில் காதை வைத்தபடியே இருந்தேன்.