நாத்தனார் கல்யாணத்தில் ஊமையான ரிமோட்

தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவர் ஒரு பழைய கார் வாங்கினார். வெள்ளை நிறம், சின்ன கார். முன்பு வைத்திருந்தவர் அதற்குத் தனியாக ஒரு ரிமோட் பூட்டு போட்டிருந்தார். அம்பத்தூரில் எங்கள் தெருவில் கார் இருந்ததே நாலைந்து வீடுகளில்தான். அவற்றில் ரிமோட் வைத்தது எங்களுடையது மட்டும். சாவிக்கொத்தில் கறுப்பாக, புளியங்கொட்டையைப் பெரிதாக்கினாற்போல் ஒன்று தொங்கும். அதில் இரண்டு பொத்தான்கள். மேலே இருப்பதை அழுத்தினால் கார் 'கீச் கீச்' என்று கத்திக்கொண்டு கதவுகளைத் திறக்கும், பூட்டும். கீழே இருப்பது திருடன் வந்தால் ஊரைக் கூட்ட.

என் கணவர் மாடியில் நின்றபடி காரணமே இல்லாமல் மேல் பொத்தானை அழுத்துவார். கீழே கார் கத்தும். காலையில் பால் வாங்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். "பூட்டிட்டமான்னு செக் பண்ணேன்" என்பார் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

அப்படி ஓயாமல் அழுத்தித்தானோ என்னவோ, அது அவருடைய தங்கையின் கல்யாணத்தன்று அவர் காலை வாரியது.

கல்யாணம் பூந்தமல்லியில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில். பெண்ணை வீட்டிலிருந்து கோயிலுக்கு அழைத்துப்போவதும், பூசை முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சென்னீர்குப்பத்து மண்டபத்துக்குக் கொண்டுபோய் விடுவதும் எங்கள் கார்தான். முன்பக்கம் முழுக்க ரோஜாவும் சம்பங்கியும் ஒட்டியிருந்தோம். போகிற வழியெல்லாம் பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப்பார்த்தார்கள். பெண்ணுக்கு அது பிடித்திருந்தது. அண்ணனுக்கு அதைவிடப் பிடித்திருந்தது.

பூசை நல்லபடியாக முடிந்தது. மோதிரம் மாற்றி, தாலி கட்டி, கையெழுத்துப் போட்டு, படிக்கட்டில் நின்று படம் எடுத்து, எல்லாரும் காரை நோக்கி நடந்தோம். கணவர் கையை நீட்டி ரிமோட்டை அழுத்தினார். கார் பேசாமல் நின்றது. கிட்டே போய் அழுத்தினார். கண்ணாடியில் ஒட்டிவைத்து அழுத்தினார். ஒன்றும் இல்லை.

"சாவியப் போட்டுத் தொறயேன்" என்றார் மாமா. மாமா என்றால் என் மாமனார். கல்யாணத்துக்காகவே தைத்த சாம்பல் நிறக் கோட்டில் வேர்த்துக்கொண்டிருந்தார்.

"சாவியப் போட்டா சைரன் அலறும் டாடி. வண்டியும் ஸ்டார்ட் ஆவாது. ரிமோட்ல தொறந்தாதான் எஞ்சினே எந்திரிக்கும்."

சைரன் அலறினால்தான் என்ன என்று கேட்க முடியாதபடி, கோயிலுக்குள் அடுத்த கல்யாணத்தின் பூசை தொடங்கிவிட்டிருந்தது. எங்கள் உறவுக்காரர்கள் பாதிப் பேர் பிரியாணி ஆறிவிடும் என்று அதற்குள் மண்டபத்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள். மீதிப் பேர் வேப்பமர நிழலில் நின்று யோசனை சொன்னார்கள். என் மாமியாரான அத்தையையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு போகக் காத்திருந்த ஆட்டோக்காரர்தான் உருப்படியாகச் சொன்னார்.

"இன்னா சார், பேட்டரி பூட்ச்சா? பஜார்ல போட்டோ ஸ்டூடியோ கீதே, அங்க குட்டி பேட்டரி கெடைக்கும். அண்ணி, குந்துங்க, போய் வாங்கினு வந்துரலாம்."

பட்டுப்புடவையோடு நான் ஆட்டோவில் ஏறிப் போய், சுண்டுவிரல் பாதி உயரம் இருந்த பேட்டரியை வாங்கிவந்தேன். ரிமோட்டின் பின்பக்கம் இருந்த திருகைக் கழற்றும் அளவுக்குச் சின்ன ஸ்க்ரூடிரைவர் யாரிடமும் இல்லை. மாப்பிள்ளை தன் டை பின்னைக் கழற்றிக் கொடுத்தார். அதன் நுனி பொருந்தியது. புது பேட்டரி உள்ளே போனது. மேல் பொத்தானை அழுத்தினார். கார் கத்தவில்லை. ரிமோட்டின் மூக்கில் இருக்கும் சிவப்பு விளக்கும் மினுங்கவில்லை.

கணவரின் முகம் வாடிவிட்டது. அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவர். எது நின்றாலும் ஓடவைத்துவிடுவார் என்று அங்கே பெயர். இங்கே தங்கை கல்யாண மாலையோடு வெயிலில் நிற்கிறாள்.

"அண்ணா, டென்சன் ஆவாத. நான் ஆட்டோல போறேன்" என்றாள் அவள்.

"என் தங்கச்சி ஆட்டோல போவா, நான் பூ வெச்ச காருக்குக் காவல் நிக்கணுமா?" என்றவர், பேட்டரி உட்காரும் தகட்டை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. என் புடவையிலிருந்து ஒரு சேஃப்டி பின்னை வாங்கி அதைச் சுரண்டினார். கைக்குட்டையால் துடைத்தார். மறுபடி பேட்டரியைப் போட்டார். மேல் பொத்தான் அப்போதும் ஊமை.

அப்புறம்தான் பொத்தான்களுக்கு அடியில் இருந்த ரப்பரைத் தூக்கிப் பார்த்தோம். கீழ் பொத்தானின் அடியில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது. மேல் பொத்தானில் அந்தப் புள்ளி தேய்ந்து வெறும் ரப்பர்தான் மிச்சம். அந்தக் கறுப்புதான் கீழே இருக்கிற இரண்டு கம்பிகளையும் சேர்த்துவைக்கும். அது போய்விட்டால் என்ன அழுத்தினாலும் பயனில்லை.

"அவ்ளோதானே, நம்மளே சேர்த்துடலாம்" என்று என் கொண்டை ஊசியைக் கேட்டார். கொடுத்தேன். அவர் கை வேர்வையில் ஊசி வழுக்கிப் பக்கத்துப் பொத்தானின் கம்பியில் போய் விழுந்தது.

திருடன் வந்தால் கத்த வேண்டிய சைரன் கத்தியது. வேப்பமரத்துக் காகமெல்லாம் எழுந்தன. கோயிலுக்குள் பாடகர் குழு பாதிப் பாட்டில் நின்றது. கணவர் அதே இடத்தைத் திரும்பத் தொட்டதும்தான் அடங்கியது. கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"உள்ள ஃபாதர் வார்த்தைப்பாடு வாங்கினு கீறாரு! பொண்ணு 'சம்மதம்'னு சொல்றதுக்குள்ள இது கத்துது. இன்னொரு வாட்டி கத்துச்சு, நான் பொறுப்பில்ல!"

எங்கள் மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். அன்று அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஊசி இனி வேண்டாம் என்று முடிவானது. ஆனால் ரிமோட்டுக்கு உயிர் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. எனக்கு எங்கள் டிவி ரிமோட் ஞாபகம் வந்தது. அதில் சவுண்டு பொத்தான் இப்படித்தான் செத்துப்போய், ரிப்பேர்காரர் உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிச் சரிசெய்திருந்தார்.

"சிகரெட் பாக்கெட்டுக்குள்ள இருக்குமே, அந்த வெள்ளித்தாள் கொஞ்சம் இருந்தா போதுங்க" என்றேன்.

ஆட்டோக்காரர், "நான் பீடிதான் அண்ணி" என்று வருத்தப்பட்டார். மாப்பிள்ளையின் நண்பர்கள் வானத்தைப் பார்த்தார்கள். பெரியவர்கள் முன்னால் யார் பாக்கெட்டை எடுப்பது? மாமா தன் மகளைப் பார்த்தார். பவுடர் கரைந்து அவள் கன்னத்தில் கோடாக வழிந்துகொண்டிருந்தது. அடுத்த நொடி அவர் கை கோட்டின் உள்பைக்குள் போய், ஒரு சிகரெட் பாக்கெட்டோடு வெளியே வந்தது.

மாமா சிகரெட்டை விட்டுவிட்டார் என்றுதான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். இரண்டு வருடத்துக்கு முன், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் விட்டவர். அதற்காக அத்தை வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தவர்.

அத்தை பாக்கெட்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"மொதல்ல புள்ளைங்கள அனுப்பலாம்" என்றார். அவ்வளவுதான்.

நான் வெள்ளித்தாளில் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் நறுக்கினேன். ஒட்டுவதற்குப் பசை? பெண்ணின் தோழி கைப்பையிலிருந்து நெயில் பாலிஷ் எடுத்தாள். ரப்பரில் ஒரு சொட்டு வைத்து, தாளின் காகிதப் பக்கம் ரப்பரிலும் பளபளப்பு கீழ்நோக்கியும் இருக்கும்படி ஒட்டினேன். ஆளாளுக்கு ஊதிக் காயவைத்தார்கள். கணவர் எல்லாவற்றையும் மூடித் திருகி, கண்ணை மூடி மேல் பொத்தானை அழுத்தினார்.

கீச் கீச்.

கோயில்பிள்ளைக்குப் பயந்து யாரும் கைதட்டவில்லை. ஆட்டோக்காரர் மட்டும் "செம அண்ணி!" என்று கிசுகிசுத்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் ஏறினார்கள், நான் முன்னால். கணவர் வண்டியை எடுத்தபோது கண்ணாடியில் பார்த்தேன். மாமா தூக்குமேடைக்குப் போகிறவர்போல ஆட்டோவில் அத்தைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் நாங்கள் இறங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆட்டோ வந்தது. சண்டை நடந்திருக்கும் என்று பயந்தபடி வாசலுக்கு ஓடினேன். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். மாமாவுக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று முழுதாக விளங்கியதாகத் தெரியவில்லை. ஆனாலும் விடாமல் சிரித்தார்.

என்ன நடந்தது என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"அம்மா மொகத்த அந்தாண்ட திருப்பிகினு வந்துச்சு அண்ணி. ஐயா, 'இனிமே தொடமாட்டேன், சத்தியம்'னாரு. அதுக்கு அம்மா, 'ரெண்டு வருசமா மொட்டமாடில துணி காயப்போட நீங்களே போறேன்னு அடம் புடிச்சீங்களே, என் மேல பாசம்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தேனே'ன்னுச்சு. சொல்லிட்டு அதுவே சிரிச்சிருச்சு. எனக்கு ஹேண்டில் பார் ஆடிப்போச்சு."

அன்று பந்தியில் அத்தை மாமாவுக்குத் தன் கையாலேயே பிரியாணி பரிமாறினார். மறுநாளிலிருந்து துணி காயப்போட இருவரும் சேர்ந்தே மாடிக்குப் போனார்கள்.