துர்தாகுன் தூக்கிய கை

துர்தாகுன் கை தூக்கியே காலம் தள்ளியவர். தலைநகர் பிஷ்கெக்கில் நாடாளுமன்றத்தில் பதினாறு வருஷம், பிறகு மாவட்ட சபையில் ஏழு வருஷம், எழுபத்திரண்டு வயதில் சொந்த ஊரான கைனாரின் கிராம சபையில் ஓர் உறுப்பினர்.

"இறங்கி இறங்கி வீட்டுக்கே வந்துட்டாரு. அடுத்தது ஆட்டுப்பட்டிதான்" என்று ஊரார் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

நாடாளுமன்றத்தில் அவர் கை தூக்கிய தீர்மானங்களில் ஒன்று, சின்ன ஊர்களின் மருத்துவமனைகளை மூடுவது. கைனாரின் எட்டுக் கட்டில் மருத்துவமனையும் அதில் போயிற்று. போன பனிக்காலத்தில் ஒரு காலை, அவர் கையிலிருந்து தேநீர்க் கிண்ணம் நழுவியது, வாய் கோணியது. கணவாயில் பனி மூடியிருந்ததால் மாவட்ட மருத்துவமனை போய்ச் சேர ஐந்து மணி நேரம். பக்கவாதம் அவ்வளவு நேரம் காத்திருக்காது. உயிர் தங்கியது, வலக்கை தங்கவில்லை.

மனைவி புருல்ச்சா அழுதுகொண்டிருக்கவில்லை. தினமும் இருவேளை அந்தக் கையை மடக்கி நீட்டினாள்.

"பிஷ்கெக்ல மட்டும் தூக்கத் தெரிஞ்சுதா? தூக்குங்க!"

வசந்தத்தில், பழைய மருத்துவமனையின் முன்னறையைக் கொடுத்தால் ஒரு செவிலியை அனுப்புவதாக மாவட்டம் சொன்னது. அந்த அறையில் துர்தாகுனின் தம்பி ஷர்ஷென் கடை வைத்திருந்தான். சபையின் பதினொரு பேரில் ஐந்து பேர் அவனுக்குச் சம்பந்தி முறை. அறையைக் கொடுப்பதா என்று சபை முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முந்தின நாள், ஒரு பை உலர்தயிர் உருண்டையோடு அண்ணனைப் பார்க்க வந்தான்.

"அண்ணே, உங்களுக்கு உடம்பு சரியில்ல. நாளைக்கு வராம இருங்க, அது போதும். அஞ்சுக்கு அஞ்சுன்னா தீர்மானம் விழுந்துரும்."

"கடையை... வேற இடத்துல வையேன்."

"ரோட்டுமேல வேற இடம் ஏது? எம் பிள்ளைங்களுக்கு நீங்களா ரொட்டி போடுவீங்க?"

புருல்ச்சா உருண்டைப் பையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக் காரில் அவரை ஏற்றிப்போய் சபையில் உட்கார வைத்தாள். "ஆதரிக்கிறவங்க?" என்று தலைவர் கேட்டதும் ஐந்து கைகள் உயர்ந்தன. துர்தாகுன் இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். மார்புவரை வந்து நின்றது. மறுபடி இழுத்தார்.

"இடது கையே போதும், பெரியவரே" என்றார் தலைவர்.

"போதாது. அன்னிக்கு... இந்தக் கைதான் மூடுச்சு."

குழறிய பேச்சு தலைவருக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது புரிந்தது. அதற்குள் கை காதுவரை வந்திருந்தது. ஆறுக்கு ஐந்து. ஷர்ஷென் எழுந்து வெளியே போனான்.

செவிலி ஜூன் மாதம் வந்தாள். ஷர்ஷென் இன்னும் அண்ணன் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அவன் மனைவி மட்டும் செவ்வாய்தோறும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளச் செவிலியின் அறைக்கு வந்து, வரிசையில் துர்தாகுனுக்குப் பக்கத்தில் உட்காருகிறாள்.

"மாமா, அவரு கேட்டா நான் வரலைன்னு சொல்லிருங்க."

"எங்கிட்ட எங்க கேக்கப்போறான்? நீ முன்னாடி போ, எனக்குக் கைப்பயிற்சிக்கு நேரமாகும்."