என் பெயரில் இன்னொருவன் மூளை

மூன்று வருடம் இருக்கும். ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அப்போதும் எனக்கு வேலை, இப்போதும் அதே வேலைதான். வீடு வாலாஜாபாத் பக்கம். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு எங்களையெல்லாம் பயிற்சி ஹாலில் உட்கார வைத்தார்கள். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களின் மூளையை ஆராய்ச்சி செய்யச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்திருக்கிறார், விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். யாருக்கும் விருப்பம் இல்லை. ஸ்கேன் எடுக்கும் நாள் வேலைக்கு வந்த நாளாகவே கணக்கு என்று சொன்னதும் எல்லோருக்கும் விருப்பம் வந்துவிட்டது.

மேடத்துக்கு என்னைவிட வயது குறைவு. ஆனால் மூளை என்று சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிடும். நூறு வருடத்துக்கும் முன்னால் மூளைக்குள் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்த இரண்டு பேரின் கதையைச் சொன்னார். ஒருவர் ஆஸ்பத்திரிச் சமையலறையையே ஆய்வுக்கூடமாக்கி, மூளைத் துண்டுக்குச் சாயம் ஏற்றும் வித்தையைக் கண்டுபிடித்தாராம். இன்னொருவர் அதே சாயத்தை வைத்துக்கொண்டு, பார்த்ததையெல்லாம் படமாக வரைந்து தள்ளினாராம். முதல் ஆள் மூளை முழுக்க ஒரே வலை என்றார். இரண்டாவது ஆள், இல்லை, ஒவ்வொரு செல்லும் தனித்தனி என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பரிசைக் கொடுத்தார்கள். பரிசு வாங்கப் போன இடத்தில்கூட முதல் ஆள் இரண்டாவது ஆள் சொன்னதை மறுத்துத்தான் பேசினாராம். நம் ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட் சூப்பர்வைசர்கள் மாதிரி என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, ஹாலே சிரித்தது. யார் சொன்னது சரி என்று நான் கேட்டேன். இரண்டாவது ஆள்தான் என்றார் மேடம்.

ஆராய்ச்சிக்கு இரண்டு முறை ஸ்கேன். முதல் முறை நான்தான் போனேன். அரைஞாண் கொடியிலிருந்து மோதிரம் வரை எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி ஒரு குழாய்க்குள் தள்ளினார்கள். அந்த மிஷின் போடும் சத்தத்துக்குப் பலர் பயந்து கத்திவிடுவார்களாம். வருடக்கணக்காகப் பிரஸ் ஷாப்பில் நின்றவனுக்கு அது தாலாட்டு. நான் தூங்கிவிட்டேன், எழுப்பித்தான் வெளியே இழுத்தார்கள்.

வந்தவர்களுக்கெல்லாம் அவரவர் மூளையின் படத்தை ஒன்று கொடுத்தார்கள். பக்கவாட்டில் எடுத்த படம். மூக்கு, உதடு, தாடை எல்லாம் கோடு போட்ட மாதிரி தெரியும், நடுவில் மூளை. என் மனைவி அதை ஃபிரேம் போட்டு ஷோகேஸில் வைத்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும், எங்கள் வீட்டுக்காரருக்கு மூளை இருக்கிறதென்று இப்போது டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார், இனி யாரும் சந்தேகப்படக்கூடாது என்று காட்டுவாள். என் மச்சான் வந்து பார்த்துவிட்டு, படத்தில் தூசி விழுந்திருக்கிறதா அல்லது உள்ளேயே அப்படியா என்று கேட்டான்.

இரண்டாவது ஸ்கேன் மூன்று மாதம் கழித்து வந்தது. அந்த வாரம் எங்கள் லைனில் புது மாடல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சூப்பர்வைசர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஷிஃப்ட் தொடங்கியதும் அவருக்குத் தலை எண்ண வேண்டும். ஒரு தலை குறைந்தால் எங்கிருந்தாவது இன்னொரு தலையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார், அப்போதுதான் அவருக்கு டீ இறங்கும். அன்று நான் மிஷினை விட்டு நகரக்கூடாது, அதே சமயம் ஸ்கேன் வேனிலும் தலை குறையக்கூடாது. அவர் என்ன செய்தார் என்றால், லைனுக்குப் புதிதாக வந்த ஒரு கான்ட்ராக்ட் பையன் கழுத்தில் என் ஐடி கார்டை மாட்டி வேனில் ஏற்றிவிட்டார். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் அன்று மேடம் இல்லை. இருந்தவர் கார்டில் பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் பதிலுக்கு ஒரு ஆள அனுப்சிட்டேன். நீ ஓ.டி.யும் சேத்துப் பாத்துட்டுப் போ" என்று சூப்பர்வைசர் சொன்னபோது, எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. கல்யாணத்துக்கு நாம் போக முடியாவிட்டால் தம்பியை அனுப்புகிறோம், அது போலத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் மேடம் போன் செய்தார். தலைவலி உண்டா, கண் மங்குகிறதா, மயக்கம் வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாளைக்கே வாருங்கள், கூட வீட்டில் யாரையாவது அழைத்து வாருங்கள் என்றார். போனை வைத்ததும் எனக்குத் தலை வலித்தது. சாயங்காலத்துக்குள் ஒரு கண்ணும் மங்கிவிட்டது. பயத்தில் எல்லாமே மறந்துபோனது. இரண்டாவது முறை நான் போகவே இல்லை என்பதும் சேர்த்துத்தான்.

மறுநாள் பஸ்ஸில் என் மனைவி ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. படப்பையில் பஸ் மாற இறங்கியபோது, அவளாகவே போய் எனக்கு ஒரு இளநீர் வாங்கி வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளாக எனக்கு இளநீர் வாங்கித் தந்தது அன்றுதான். அப்போதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இளநீரை உறிஞ்சிக்கொண்டே, பிள்ளையின் படிப்பை யார் பார்த்துக்கொள்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மேடம் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று, ஓர் இடத்தில் சைக்கிள் டியூப் புடைத்த மாதிரி புடைத்திருந்தது. இப்போது ஒன்றும் செய்யாது, ஆனால் வெடித்தால் ஆபத்து, சீக்கிரம் சரி செய்துவிட வேண்டும் என்றார். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். போன முறை எடுத்ததையும் காட்டுகிறேன் என்று அதைப் பக்கத்தில் திறந்த மேடம், அப்படியே நெற்றியைச் சுருக்கினார். அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டாவது தடவ வந்தது என்னைக்கு?" என்று கேட்டுவிட்டு, அவரே தேதியையும் சொன்னார்.

நான் யோசிப்பதற்குள் என் மனைவி வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டாள்.

"அன்னிக்கு இவரு எங்க வந்தாரு? எங்க அண்ணன் கொழந்தைக்குக் காது குத்து மேடம் அன்னிக்கு. சீர் தட்ட நான் ஒண்டியா தூக்கினு போனேன். இன்னா உன் வூட்டுக்காரர் வர்லியான்னு ஊரே கேக்குது. இவரு கம்பெனில ஓ.டி. பாத்துக்கினு இருந்தாரு."

அந்தக் காதுகுத்து விஷயமாக எங்கள் வீட்டில் அதுவரை ஓயாத சண்டை. ரசத்தில் உப்பு கூட இருக்கிறது என்று நான் சொன்னால்கூட, காதுகுத்துக்கு வராதவர் பேசக்கூடாது என்பாள். அந்தச் சண்டை மேடம் முன்னாலும் தொடங்கியபோதுதான் எனக்குப் பளிச்சென்று எல்லாம் ஞாபகம் வந்தது. இது என் மண்டை இல்லை! தலைவலி அந்த நிமிடமே போய்விட்டது, கண் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் மனைவியும் அழுதுகொண்டே சிரித்தாள்.

மேடம் சிரிக்கவில்லை. "அப்போ இது யாரோடது?" என்றார்.

எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கோ ஒருவன், தலைக்குள் இப்படி ஒன்று இருப்பது தெரியாமல், மூட்டை தூக்கிக்கொண்டோ மிஷின் ஓட்டிக்கொண்டோ இருக்கிறான். அவனுக்கு வர வேண்டிய போன் எனக்கு வந்திருக்கிறது. அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அன்றே மேடமும் நானும் கம்பெனிக்குப் போனோம். சூப்பர்வைசர் முதலில், ஆள் வரவில்லையென்றால் வேறு ஆள், அதுதானே என் வேலை என்று வாதாடினார். படத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பையன் போன வாரமே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டானாம். கான்ட்ராக்டரிடம் பெயரோ போட்டோவோ இல்லை, ஒரு நம்பர்தான் இருந்தது, அதுவும் அணைத்துக் கிடந்தது. அடையாளம் கேட்டால், தெற்கத்திப் பையன், ஒல்லி, அமைதியாக இருப்பான் என்றார். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை வாடகை ரூமில் இருக்கும் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள்.

அவன் மண்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு குழாயும் எங்களுக்குத் தெரியும், முகம்தான் தெரியாது. வேறு வழியில்லாமல் அந்தப் பக்கவாட்டுப் படத்தையே வைத்துக்கொண்டு தேடினோம். மேடம் ஸ்கூட்டி ஓட்ட, நான் பின்னால் மூளைப் படத்தோடு உட்கார்ந்து வந்தேன். டீக்கடையில் காட்டினால், ஆளைக் காட்டுங்கள், ஆட்டு மூளையைக் காட்டுகிறீர்களே என்றார்கள். கடைசியில் ஹாஸ்டல்கள் பக்கம் ஒரு மெஸ்ஸில், சோறு போடும் அக்கா படத்தைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தார்.

"மூளைலாம் எனுக்குத் தெரியாதுபா. இந்த மூக்கு தெரியும். ரெண்டாவது தபா ரசம் கேக்கற மூக்கு."

பெயரையும் சொன்னார், இப்போது அவன் சேர்ந்திருக்கும் கம்பெனியையும் சொன்னார். ஷிஃப்ட் விடும் நேரத்துக்கு அந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றோம். வெளியே வந்த கூட்டத்தில் மூக்கைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் என் கழுத்தில் தொங்கிய அவனுடைய பழைய கம்பெனியின் கார்டைப் பார்த்தான். பார்த்த வேகத்தில் ஓடிப்போய் நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டான். நானும் பின்னாலேயே ஓடி ஏறினேன். ஜன்னல் வழியே பார்த்தால், மேடம் ஸ்கூட்டியில் ஹாரன் அடித்துக்கொண்டே துரத்தி வருகிறார்.

பையன் கடைசி சீட்டில் குனிந்து எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் போய்ச் சேருவதற்குள் ஒரு ஜோடி சேஃப்டி ஷூவை என் கையில் திணித்தான்.

"தப்புதாண்ணே. கம்பெனி ஷூவக் குடுக்காமப் போயிட்டேன். இதுக்கா இம்புட்டுத் தூரம் வெரட்டுதீங்க? வாங்கிக்கிட்டு ஆள விட்ருங்கண்ணே."

எனக்கு மூச்சு வாங்கியது. நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வைத்ததெல்லாம் பறந்துவிட்டது. "ஷூவ நீயே வச்சிக்கோ தம்பி. எனக்கு உன் தலதான் வேணும்" என்றேன்.

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டார். நல்லவேளை, மேடம் வந்து ஏறினார். அவர் பக்குவமாக எடுத்துச் சொல்லச் சொல்ல, பையன் முகம் மாறிக்கொண்டே வந்தது. தலைவலி அடிக்கடி வருமாம். நைட் ஷிஃப்ட்டால் வருகிறதென்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறான். மண்டையை அறுப்பார்களா என்று கேட்டான். தொடையில் இருக்கும் ரத்தக் குழாய் வழியாகவே மேலே போய்ச் சரி செய்யலாம் என்று மேடம் சொன்னதை அவன் நம்பவில்லை. தலைக்குத் தொடையில் வழியா என்று முன்சீட்டுக்காரரும் சேர்ந்து கேட்டார். பிறகு பையன் மெதுவாக, "எங்கம்மாட்ட சொல்லிராதீங்கண்ணே" என்றான்.

என் கையிலிருந்த ஷூவை வாங்கித் திரும்பவும் மாட்டிக்கொண்டே என்னிடம் கேட்டான்: "ஒங்களுக்குப் பதிலா அன்னைக்கு நான் போனேம்லா? இப்ப எனக்குப் பதிலா நீங்க போறீங்களாண்ணே?"

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் கண் கலங்கியிருந்தது.

"பதிலுக்கு வர முடியாது தம்பி. கூட வரேன்" என்றேன்.

கூடவே போனேன். சென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் செய்தார்கள். வேண்டாம் என்ற அவனைச் சம்மதிக்க வைத்து, அவன் அம்மாவுக்கு என் மனைவிதான் போன் செய்து, பயப்படாதபடி பேசி வரவழைத்தாள். அவர்கள் இரண்டு பேரும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கைகோத்து உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. டாக்டர் வெளியே வந்து எல்லாம் நல்லபடி முடிந்தது என்றதும், என்னைவிடச் சத்தமாக அழுதவர் எங்கள் சூப்பர்வைசர். அவர் எப்போது வந்து நின்றார் என்றே எனக்குத் தெரியாது. மேடம்தான் பாவம், எங்கள் இரண்டு பேர் ஸ்கேனையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்க வேண்டியதாகிவிட்டது.

பையன் இப்போது நன்றாக இருக்கிறான். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வருவான், அதே சேஃப்டி ஷூவைப் போட்டுக்கொண்டு. எங்கள் ஷோகேஸில் இப்போது இரண்டு மூளைப் படங்கள். சூப்பர்வைசர் அழுதாரே தவிர மாறவில்லை, இன்னும் காலையில் தலைதான் எண்ணுகிறார். அவர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம், ஒவ்வொன்றும் தனித்தனி என்று சொன்ன அந்த இரண்டாவது ஆள்தான் எனக்கு ஞாபகம் வருவார்.

என் மனைவி அந்தக் காதுகுத்தை இன்னும் விடவில்லை. நேற்றுகூட, சாம்பாரில் புளி தூக்கல் என்று சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். முன்பு போல நான் எதிர்த்துப் பேசுவதில்லை. அவள் மறக்க மறுத்த அந்த ஒரு கோபத்தில்தான் ஒரு தாய்க்கு அவள் பிள்ளை திரும்பக் கிடைத்தான் என்பதால், தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன்.