தெற்கு லண்டனிலிருந்து வந்த ஸ்கார்ஃப்

கிளென் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை காலை. இருதயம்.

நேற்று உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். கழுத்தில் அந்த ஸ்கார்ஃப். பழைய கம்பளி, ஓரமெல்லாம் நூல் விட்டு...

முன்பு கடை நடத்திய சிவம் அதைப் படம் எடுத்து இங்கே முகநூலில் போட்டிருக்கிறார். "எங்கட அன்ரியின்ர மகன் லண்டனில இருந்து அனுப்பினது. கடைசி மட்டும் மனிசன் கழட்டேல்லை" என்று எழுதியிருக்கிறார். அந்த அன்ரி நான்தான். கீழே பலர் என் மகனுக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள்.

அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் என் வீட்டுக்கு எதிர்க் கதவு கிளெனுடையது. அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து வேலைக்காக வந்தவர். ரொறன்ரோவில் ஒருவரையும் தெரியாது.

கட்டடத்தின் கீழே சிவத்தின் பலசரக்குக் கடை. சனிக்கிழமை காலைகளில் ஆண்கள் அரிசி மூட்டைகளின் மேல் இருந்து, ரீவியில் இங்கிலாந்து உதைபந்தாட்டம் பார்ப்பார்கள். பால் வாங்கப் போன கிளென் அங்கேயே நின்றுவிட்டார்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. ஏதாவது ஒரு ரீமின், ஒரு அணியின், பக்கம் சேராமல் மூட்டையில் இருக்க முடியாது.

கிளென் ரீவியைப் பார்த்தார். அந்த நீலச் சட்டை வடிவாக இருக்கிறது, அவர்களை எடுக்கிறேன் என்றார். கடையே சிரித்தது.

"உது சட்டை எடுக்கிற அலுவல் இல்லை, மச்சான்," என்றார் சிவம், பாதி தமிழும் பாதி இங்கிலிஷுமாக. "லண்டனில உன்ர ஆக்கள் எந்தப் பக்கம் இருக்கினம்? அதுதான் உன்ர ரீம்."

அங்கே எல்லோருக்கும் அப்படித்தான். தம்பி வடக்கு லண்டனில் என்றால் வடக்கு ரீம். மச்சாள் கிழக்கில் என்றால் கிழக்கு ரீம்.

"எனக்கு லண்டனில் ஒருவரும் இல்லையே," என்றார் கிளென்.

"அப்ப அன்ரியிட்டைக் கேள். அன்ரியின்ர மகன் அங்கதான். பெரிய இஞ்சினியர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கறிவேப்பிலை தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

"தெற்கு லண்டன்," என்றேன்.

ஏன் தெற்கு? அந்தக் கடையில் வேறு ஒருவருக்கும் தெற்கில் ஆள் இல்லை. யாரும் விசாரித்துப் பார்க்க முடியாது.

என் மகன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. என் கணவரின் செத்தவீட்டுக்குப் பிறகு அவன் எனக்கு ரெலிபோன் எடுத்துப் பேசவில்லை. காரணத்தை இங்கே எழுத மாட்டேன்.

கொன்வென்ற்றில் படித்தவள் நான். பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று அந்தக் கட்டடத்தில் பலருக்குச் சொல்லிக்கொடுத்தவள். அவர்கள் கேட்காமலே.

கிளென் தெற்கு லண்டன் ரீம் ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒரு வருடம் மேல் பிரிவுக்கு ஏறும், அடுத்த வருடம் கீழே விழும். "அன்ரி, உங்கட மகனாலை உந்த மனிசன் கிழமைக்குக் கிழமை அழுகுது," என்று சிவம் சிரிப்பார்.

பிறகு ஒரு நாள், எல்லோருக்கும் முன்னால் கிளென் கேட்டார். உங்கள் மகனிடம் சொல்லி எனக்கு ரீமின் ஸ்கார்ஃப், அங்கே ரசிகர்கள் கழுத்தில் சுற்றுவது, ஒன்று அனுப்பச் சொல்ல முடியுமா?

"அதுக்கென்ன," என்றேன்.

அந்த மாரிக் குளிர் முழுக்க அதே கேள்வி. "அன்ரி, ஸ்கார்ஃப் வந்திட்டுதோ?" "மகன் மறந்திட்டாரோ?" அவனுக்கு வேலை கூட என்றேன். தபால் பிந்துகிறது என்றேன்.

கடைசியில் அந்தக் கடைக்குப் போவதையே விட்டேன். தெருவில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்கார் ஏறி, தூரத்தில் வேறு கடையில் சாமான் வாங்கினேன்.

ஒரு நாள் பனிக்குள் இரண்டு கையிலும் பைகளோடு வந்தபோது, கிளென் கட்டடத்தின் கதவைத் திறந்து பிடித்தார். பைகளில் இருந்த கடைப் பெயரைப் பார்த்தார்.

சில கிழமைகள் கழித்து, சனிக்கிழமை காலை என் கதவைத் தட்டினார். கழுத்தில் ஸ்கார்ஃப்.

"கீழே வாருங்கள், அன்ரி. உங்கள் மகன் அனுப்பியது வந்துவிட்டது. எல்லோருக்கும் காட்ட வேண்டும்."

நான் அசையவில்லை.

அவர் என் முகத்தைப் பார்க்காமல், தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அவருடைய பெயர் என்ன? கடையில் கேட்பார்கள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்."

"ஜெயந்தன்," என்றேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்...

எலிவேற்றருக்குள் அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நான் உச்சரிப்பைத் திருத்தினேன். அந்த நிலையிலும் திருத்தினேன்.

கடையில் எல்லோரும் ஸ்கார்ஃபைத் தொட்டுப் பார்த்தார்கள். "பிள்ளை எண்டால் உதெல்லோ பிள்ளை," என்றார் சிவம்.

"ஓம்," என்றேன்.

அதன் பிறகு ரீம் தோற்கும்போதெல்லாம் கிளென் கடை முழுவதற்கும் கேட்கச் சொல்வார்: "ஜெயந்தனுக்குக் கவலையாக இருக்கும்." நான் ஓம் என்பேன். அந்த ஒரு நிமிடம், தெற்கு லண்டனில் எங்கோ, ரீம் தோற்றதற்குக் கவலைப்படும் ஒரு மகன் எனக்கு இருந்தான்.

இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசவில்லை. அவருக்கு நன்றி சொல்வதென்றால் மற்றதையும் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.

நேற்று, அவர் பிறகு இங்கே கலியாணம் கட்டிய மனைவி என் கையைப் பிடித்து ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போனார். இவருடைய மகன்தான் அதை அனுப்பியவர் என்றார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் நான் தலையாட்டினேன்.

அந்த ஸ்கார்ஃபை என் மகன் அனுப்பவில்லை. கிளென் தானே எங்கோ தேடி வாங்கியது. சிவம், தயவுசெய்து படத்தின் கீழே திருத்திவிடுங்கள்.

போய் வாருங்கள், கிளென்.

இன்று சனிக்கிழமை. காலையில் ரீவியைப் போட்டேன். உங்கள் ரீம் தோற்றுவிட்டது.

ஜெயந்தனுக்குக் கவலையாக இருக்கும்.